அழகாகக் கத்தத் தெரிந்தவள்

குடியிருந்த கட்டடத்தில் அவளுக்கு வைத்த பெயர் அலறலக்கா. நேரில் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள், முதுகுக்குப் பின்னால்தான். அவளுக்கும் அது தெரியும். "கத்தித்தானே சம்பாதிக்கிறேன், சொல்லிட்டுப் போகட்டும்" என்பாள்.

தொழில் டப்பிங். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரும் ‘நுண்பிரிவு’ என்ற துப்பறியும் தொடரில், பாதிக்கப்பட்ட பெண்களுக்கெல்லாம் அவள்தான் குரல். வெளியே சொல்லக் கூசும் வழக்குகளை மட்டும் விசாரிக்க போலீஸில் ஒரு தனிக்குழு. அதற்குத் தலைவராக எப்போதும் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தே பேசுகிற ஓர் அதிகாரி. வாரம் ஒரு பெண் மாட்டிக்கொள்வாள். சிலர் செத்துப்போவார்கள், சிலர் பிழைத்துக் கூண்டேறிச் சாட்சி சொல்வார்கள். நடிக்க வரும் பெண்கள் வாராவாரம் மாறிக்கொண்டே இருந்தார்கள். பாதிப் பேருக்கு வசனம் வாயில் நுழையாது. அதனால் கல்லூரி மாணவி, வங்கி ஊழியை, வீட்டு வேலைக்காரப் பெண், அமைச்சர் மனைவி என்று எல்லோரும் இவள் தொண்டையிலிருந்தே கத்தினார்கள். பார்க்கிறவர்களில் ஒருவர்கூட அதைக் கண்டுபிடித்ததில்லை.

டப்பிங் அறை ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. சுவரெல்லாம் பழைய கம்பளம் ஒட்டியிருக்கும். மழைக்காலத்தில் அது நனைந்த நாய் மாதிரி நாறும். மைக்குக்கு மேல் செருகியிருக்கும் பஞ்சு உறையில் அவளுக்கு முன்னால் பேசினவர்களின் எச்சில் காய்ந்து கிடக்கும். அவள் கைக்குட்டையை அதன்மேல் போர்த்துவாள். ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையை ஆட்டி எடுக்கச் சொல்வார். துணி இருந்தால் சத்தம் மங்கிவிடுமாம். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிட்டப் போய்க் கத்துவாள்.

ஒலிப்பதிவாளருக்குப் பக்கத்து நாற்காலியில் இயக்குநர் இருப்பார். எந்நேரமும் எதையாவது கொறித்துக்கொண்டிருக்கிற மனிதர். முக்கால்வாசி நாள் பொரித்த கோழி. ஒரு கையில் எலும்பு, இன்னொரு கையின் எண்ணெய் விரலால் அவளோடு பேசுவதற்கான பொத்தானை அழுத்துவார்.

"மேடம், வலி சரியா வந்திருக்கு. ஆனா காது கூசுது. கொஞ்சம் அழகா கத்துங்க."

"அழகான்னா எப்படி சார்?"

"ஜனங்க குடும்பமா உக்காந்து சாப்பிட்டுக்கிட்டே பாக்குறாங்க. ரொம்ப நிஜமா இருந்தா சேனல மாத்திடுவாங்க. பரிதாபம் வரணும், அருவருப்பு வரக்கூடாது."

அருவருப்பு வந்ததென்னவோ அவளுக்குத்தான். இருந்தாலும் கத்தினாள். கத்தலின் கடைசியில் சின்னதாக ஒரு விம்மலை வைத்தால் அவருக்குப் பிடிக்கும் என்று கண்டுகொண்டாள். அதையும் வைத்தாள். மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். லிப்ட் பழுதுபார்க்கும் கணவனுக்கு வருகிற வருமானம் வீட்டு வாடகையோடு சரி. வேலையை விடுகிற நிலைமையில் அவள் இல்லை.

வீட்டில் அந்தத் தொடரின் முதல் ரசிகை அவள் மாமியார். ஞாயிற்றுக்கிழமை மதியமே நச்சரிக்க ஆரம்பித்துவிடுவாள்.

"இன்னைக்கு நீ சாகுறியா, பொழைக்கிறியா?"

"சொல்லக்கூடாது அத்தை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன்."

"நான் யாருகிட்ட போய்ச் சொல்லப்போறேன்? லேசா கண்ணையாவது காட்டு."

மருமகள் கண்ணைக் காட்ட மாட்டாள். மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். தொடர் ஆரம்பித்ததும் எல்லாம் மறந்துபோகும்.

அதே கட்டடத்தில் இவர்களுக்கு மேல்மாடியில் ஒரு நர்ஸ் தன் தாயோடு குடியிருந்தாள். கட்டடமே அவளைச் சின்ன சிஸ்டர் என்று கூப்பிட்டது. யாருக்கு ஊசி போட வேண்டுமென்றாலும், பிரஷர் பார்க்க வேண்டுமென்றாலும் அவளைத்தான் தேடுவார்கள். வாய் நிறையப் பேசுகிற பெண். மாமியாரின் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு, "பாட்டிம்மா, திருட்டுத்தனமா என்னத்த தின்னீங்க? மெஷினே சிரிக்குது" என்பாள்.

அவள் வேலை பார்த்த தனியார் மருத்துவமனையின் டாக்டர், ஒருநாள் வேலை முடிகிற நேரத்தில் அவளுக்குப் பழச்சாறு கொடுத்தான். அதில் மயக்க மருந்து கலந்திருந்தது. அவள் மறுநாளே போலீஸுக்குப் போனாள். பணம் பிடுங்கப் பார்க்கிறாள் என்று அவன் சொன்னான். வழக்கு நீதிமன்றத்துக்கு வந்து இழுத்துக்கொண்டே கிடந்தது. பத்திரிகைகள் பெயர் போடவில்லை. ஆனாலும் தெருவுக்கெல்லாம் தெரியும். அவளை ஊசிக்குக் கூப்பிடுகிறவர்கள் குறைந்துபோனார்கள். அலறலக்கா மட்டும் முன்பைவிட அதிகமாகக் கூப்பிட்டாள். மாமியாருக்கு வேண்டுமோ வேண்டாமோ, பிரஷர் பார்க்கச் சொல்வாள். பார்த்து முடித்துவிட்டு இரண்டு பேரும் சமையலறையில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள்.

அப்படி ஒருநாள் சின்ன சிஸ்டர் சொன்னாள். நினைவு திரும்பியபோது அவள் கண்ணில் முதலில் பட்டது கூரையிலிருந்த விளக்கு மூடியாம். அதற்குள்ளே செத்துக் கிடந்த பூச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். "வேற எங்க பாக்குறதுன்னு தெரியலக்கா. ஒரு பூச்சிக்கு மட்டும் இன்னும் உயிர் இருந்துச்சு." வக்கீலிடம்கூட இதைச் சொன்னதில்லை என்றாள்.

கொஞ்ச நாள் கழித்து ‘நுண்பிரிவு’ தொடருக்குக் கதை எழுதுகிறவன் சின்ன சிஸ்டரைத் தேடி வந்தான். எந்த வழியாகவோ விலாசம் பிடித்திருந்தான். இளவயதுக்காரன், தாடி, பூப்போன்ற குரல். சின்ன சிஸ்டர் முதலில் முடியாது என்றாள். அவன் மறுபடி வந்தான். "உங்க பக்கத்து நியாயம் நாலு பேருக்குத் தெரிய வேணாமா சிஸ்டர்? பேர், ஊர் எல்லாம் மாத்திடுவோம்" என்றான். அவள் சொல்லச் சொல்ல அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. அதைப் பார்த்து அவளுக்கு நம்பிக்கை வந்தது. எல்லாவற்றையும் சொன்னாள், பூச்சிகளைப் பற்றியும்.

அலறலக்காவிடம் வந்து அவன் அழுததையும் சொல்லி, "நீங்கதானே அக்கா எனக்குப் பேசுவீங்க? வேற யாராவதுன்னா எனக்கு ஒரு மாதிரி இருக்கும்" என்று கேட்டுவிட்டுப் போனாள். "நான்தான் பேசுவேன். நல்லாப் பேசுறேன்" என்று இவளும் சொல்லியிருந்தாள்.

டப்பிங் நாள் வந்தது. திரையில் நர்ஸ் உடையில் ஒரு பெண். மருத்துவமனை, டாக்டர், பழச்சாறு. அப்புறம் கூரை விளக்கு. மூடிக்குள்ளே பூச்சிகள், ஒன்று மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. சின்ன சிஸ்டர் சொன்னபடியே இருந்தது. அவ்வளவு துல்லியமாக எடுத்திருந்தார்கள். விசாரணைக் காட்சிகளுக்கெல்லாம் உயிரைக் கொடுத்துப் பேசினாள். இயக்குநரே எலும்பை வைத்துவிட்டு, "பிரமாதம் மேடம்" என்றார்.

பிறகு கடைசிக் காட்சியின் வசனத் தாள் வந்தது. அந்த நர்ஸ் ஒரு வாடகை அறையில் காதலனின் தோளில் சாய்ந்து சிரிக்கிறாள். "டாக்டர்கிட்ட இருந்து அந்த வீட்டை மட்டும் எழுதி வாங்கிட்டா போதும். அழுறதுக்கு எனக்கா சொல்லிக் கொடுக்கணும்?" என்கிறாள். கதவு திறக்கிறது. கறுப்புச் சட்டை அதிகாரி நிற்கிறார்.

அவள் தாளை இன்னொரு முறை படித்தாள். கதை எழுதுகிறவன் அன்றைக்கு அங்கேதான், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான்.

"தம்பி, இது எங்க மாடி சிஸ்டர் கதைதானே?"

"அதுல இருந்து ஒரு பொறி எடுத்துக்கிட்டோம் அக்கா, அவ்வளவுதான். எல்லாம் கற்பனைன்னு ஆரம்பத்துலயே கார்டு போடுறோமே."

"அந்தப் பூச்சி?"

அவன் முகம் மலர்ந்தது. "அது செமையா வந்திருக்குல்ல?"

அந்த மலர்ச்சியை அவள் பார்த்தாள். இவன் அழுத அழுகையும் தான் கத்துகிற கத்தல் மாதிரிதான் என்று அப்போது தோன்றியது. தேவைக்கு ஏற்ப, கடைசியில் ஒரு விம்மலோடு.

"அப்புறம் ஏன் தம்பி அவ பொய் சொன்னதா முடிச்சீங்க?"

பதில் இயக்குநரிடமிருந்து வந்தது. "மேடம், போன மாசம் பூரா வாத்தியார், முதலாளி, மாமனார்னு ஆம்பளைங்களையே குற்றவாளி ஆக்கியாச்சு. ஜனங்க விளம்பரம் வர்றதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிடுறாங்க. ஒரு திருப்பம் வேணாமா?"

"கேஸ் இன்னும் கோர்ட்டுல இருக்கு சார்."

"நம்மகிட்ட இருக்குறது தொடர்தானே மேடம்? கோர்ட்டப் பத்தி கோர்ட்டு பாத்துக்கும். தண்ணி குடிச்சிட்டு வாங்க, இன்னும் ஒரு சீன்தான்."

அவள் ஹெட்போனைக் கழற்றி மைக் ஸ்டாண்டில் மாட்டினாள். "நான் பேச மாட்டேன். இதுவரைக்கும் பேசினதையும் போடாதீங்க" என்றாள். இயக்குநர் கோழி எலும்பை உறிஞ்சிவிட்டு ஒலிப்பதிவாளரைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் பையை எடுத்துக்கொண்டு படியேறினாள்.

நேராக மேல்மாடிக்குப் போனாள். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று கதவைத் தட்டுகிற வரைக்கும் யோசித்தாள். சொல்லிவிட்டாள். சின்ன சிஸ்டர் நின்றபடியே கேட்டாள். கடைசியில், "அவன் அழுதானே அக்கா" என்றாள். அதையே இன்னொரு தடவையும் சொன்னாள். அவனுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. பிறகு மணியே அடிக்கவில்லை. அவளுடைய வக்கீலம்மா சேனலுக்கு நோட்டீஸ் அனுப்பினார். சேனல் அதை வாங்கி வைத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமையும் வந்தது.

வேறு யாரையாவது வைத்துப் பேசியிருப்பார்கள் என்றுதான் அலறலக்கா நினைத்தாள். என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க உட்கார்ந்தாள். மாமியார், கணவன், மகள் எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். வசனங்களை ஏதோ ஒரு புதுக்குரல் ஒப்பித்தது. சரி, நம் கை அழுக்காகவில்லை என்று அவள் மூச்சுவிட்ட நேரத்தில் அந்த நர்ஸ் கத்தினாள்.

அது இவள் குரல். போன வருடம் ஏதோ ஒரு கல்லூரி மாணவிக்காகக் கத்தியது. அழுகை ஆரம்பித்ததும் அதுவும் இவளுடையதாகவே இருந்தது, வங்கி ஊழியைக்காக அழுதது. ஸ்டூடியோவில் அவளுடைய கத்தல், விசும்பல், மூச்சு, முனகல் எல்லாவற்றையும் தனித்தனியாக வெட்டிச் சேர்த்து வைத்திருந்தார்கள். அவசரத்துக்கு எடுத்து ஒட்டிக்கொள்வார்களாம். அவளுக்கு அன்றைக்குத்தான் அது தெரிந்தது. கடைசிக் காட்சி வந்தது. காதலன் தோளில் சாய்ந்து அந்த நர்ஸ் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் இவளுடையதே. அமைச்சர் மனைவிக்காகச் சிரித்தது.

ஜன்னல் திறந்திருந்தது. எதிர் வீட்டிலிருந்து, கீழ் வீட்டிலிருந்து, பக்கத்துக் கட்டடத்திலிருந்து, அதே சிரிப்பு ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. அவள் எழுந்து ஓடி வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள். மகள் பின்னாலேயே வந்து முதுகைத் தடவிவிட்டாள். மேல்மாடியிலும் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அது மட்டும் பட்டென்று நின்றது.

கூடத்தில் மாமியார் பெருமூச்சு விட்டாள். "அப்போ அவ பொய்தான் சொல்லியிருக்கா. பாவம் அந்த டாக்டரு."

"அத்தை, சிரிச்சது நான். அவ இல்ல."

"நீ குரல் கொடுத்தே, சரி. ஒண்ணும் இல்லாமலா எடுப்பாங்க? விசாரிக்காம டிவியில போடுவாங்களா?"

ஒரு வாரத்துக்குள் கட்டடமே அப்படித்தான் பேசியது. படிக்கட்டில் சின்ன சிஸ்டர் வந்தால் இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள், அவள் தாண்டிப் போனதும் ஒருத்தி மூக்கால் சிரிப்பாள். தரைத்தளத்து மளிகைக்காரன், "என்ன சிஸ்டர், வீடு எழுதியாச்சா?" என்று கேட்டான், பெரிய நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டு. வீட்டுக்காரர் வந்து, "நான் இதெல்லாம் நம்புற ஆளில்ல. ஆனா குடும்பங்க இருக்கிற இடம் பாருங்க" என்று சொல்லிக் காலி பண்ணச் சொன்னார். நான் நம்பவில்லை என்று அவர் சொன்ன தோரணை இருக்கிறதே, அதைவிட அவர் நம்பியே இருக்கலாம். டாக்டரின் வக்கீல் நீதிமன்ற வராந்தாவில் யாரிடமோ அந்தத் தொடரைப் பற்றிச் சத்தமாகப் பேசிச் சிரித்தாராம்.

அலறலக்கா ஸ்டூடியோவுக்குப் போனாள். ஒலிப்பதிவாளர் மட்டும் இருந்தார்.

"என் குரலை எல்லாம் அழிச்சிடுங்க தம்பி."

"அது கம்பெனி சொத்துக்கா. அழிக்க எனக்கு அதிகாரம் இல்ல."

"வெட்டி ஒட்ட மட்டும் இருந்துச்சா?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜையில் கிடந்த ஒயரைச் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார். "எனக்கும் வீட்டுல ஒரு தங்கச்சி இருக்குக்கா" என்றார். தங்கச்சி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

அவள் வக்கீலம்மாவைப் பார்த்து, நடந்ததையெல்லாம் சாட்சியாகச் சொல்கிறேன் என்றாள். கணவன் பயந்தான். "நீ போய்ச் சொன்னேன்னு தெரிஞ்சா ஒருத்தனும் வேலைக்குக் கூப்பிட மாட்டான். நாம ஒதுங்கி இருந்துக்குவோமே."

"ஒதுங்கித்தான் இருந்தேன். அப்பவும் என் சிரிப்பை எடுத்துக்கிட்டாங்களே."

சேனல் மேல் வக்கீலம்மா கொடுத்த புகாரின் விசாரணை நாளன்று அவன் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தான்.

ஒளிபரப்புப் புகார்களைக் கேட்கிற குழு அது. குளிரூட்டிய அறை, நீள மேஜை, அதன்மேல் பிஸ்கட் தட்டு. பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டக்கூடாது என்று சட்டம் இருக்கிறது, அதை மீறியிருக்கிறார்கள் என்று வக்கீலம்மா எடுத்துச் சொன்னார். கதைக்காரன் சிஸ்டர் வீட்டுக்கு வந்தது, பூச்சி, டப்பிங் அறையில் நடந்த பேச்சு, எல்லாவற்றையும் அலறலக்கா சொன்னாள். இயக்குநர் அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்றார். அன்றைக்குப் பார்த்து அவர் வாயில் ஒன்றும் இல்லை. கதைக்காரன் வரவே இல்லை.

சேனலின் வக்கீல் எழுந்தார். "அந்தக் குரல் இவங்களோடதுதான்னு என்ன நிச்சயம்? எல்லாப் பொம்பளைங்களும் ஒரே மாதிரிதான் கத்துவாங்க." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "இங்க ஒரு தடவை கத்திக் காட்டுங்களேன். ஒத்துப் பாத்துக்கலாம்."

குழுவில் இருந்த பெரிய மனிதர் ஒருவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கச்சேரி கேட்க உட்காருகிற மாதிரி. அவள் அவரைப் பார்த்தாள். இவரும் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டே பார்க்கிறவர்தான் என்று தெரிந்துபோனது.

"மாட்டேன்" என்றாள்.

"அப்போ நிரூபிக்க முடியாதே."

"முடியாட்டிப் போகட்டும். உங்களுக்குக் கேக்கணுங்கறதுக்காக நான் கத்த மாட்டேன்."

மூலையில், சேனல் தரப்பு ஆட்களோடு சாட்சியாகக் கூட்டிவரப்பட்டிருந்த ஒலிப்பதிவாளர் எழுந்தார். "அது அவங்க குரல்தான். வேணாம்னு சொல்லிட்டுப் போனாங்க. நான்தான் வெட்டி ஒட்டினேன். அந்த நர்ஸ் யாருன்னு எங்க எல்லாருக்கும் தெரியும்" என்றார். சொல்லிவிட்டு உட்காரவில்லை. வெளியே போய்விட்டார். மறுநாளிலிருந்து அவருக்கும் வேலை இல்லை.

அந்த வாரக் கதையை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட உத்தரவு வந்தது. மன்னிப்புக் கேட்கவும் சொன்னார்கள். கேட்டார்கள், பற்பசை விளம்பரத்துக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத எழுத்தில், படிக்க முடியாத வேகத்தில். இயக்குநருக்கு அடுத்து இதைவிடப் பெரிய தொடர் கிடைத்தது. கதைக்காரன் எங்கோ ஒரு மேடையில் பெண்களின் வலியைப் பற்றி உருக்கமாகப் பேசினானாம். மகள் போனில் காட்ட வந்தாள். "அந்தக் கருமத்தை என்கிட்ட காட்டாத" என்று சொல்லிவிட்டாள்.

கணவன் பயந்த மாதிரியே டப்பிங் வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை. ரொம்ப நாள் கழித்து, குழந்தைகளுக்கான கார்ட்டூனில் சிடுசிடுக்கிற ஒரு வாத்துக்குக் குரல் கொடுக்கக் கூப்பிட்டார்கள். சம்பளம் பாதிதான். ஆனால் வாத்து யாரிடமும் மாட்டிக்கொள்ளாது. எல்லோரையும் திட்டும், கொத்தும், தண்ணீரில் இறங்கிப் போய்விடும். கணவன் வீட்டுக்கு வந்ததும், "இன்னைக்கு யாரைக் கொத்தினே?" என்று கேட்பான்.

சின்ன சிஸ்டர் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு வேறு பகுதிக்குப் போனாள். போகிற அன்று சாமான் ஏற்ற அலறலக்கா உதவிக்குப் போனாள். பீரோவை இறக்கும்போது, "பாத்து, பாத்து, கால்ல போட்டுக்காதே" என்று இவள் சத்தம் போட, அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டுச் சொன்னாள்.

"தப்பா நினைக்காதீங்க அக்கா. உங்க மேல ஒண்ணும் இல்ல. நீங்க பேசினா எனக்கு அதுதான் கேக்குது."

அலறலக்கா தலையை ஆட்டினாள். அதற்கப்புறம் வண்டி கிளம்புகிற வரைக்கும் வாயைத் திறக்காமல் பெட்டிகளைச் சுமந்தாள். இனிமேல் போன் பண்ணுவதில்லை என்று அவளே முடிவு செய்துகொண்டாள். எப்போதாவது எழுத்தில் ஒரு செய்தி அனுப்புவாள். பதில் வரும். சில சமயம் வராது.

தீர்ப்பு வந்த அன்று போன் செய்தது சின்ன சிஸ்டரின் தாய். டாக்டருக்குத் தண்டனை ஆகிவிட்டது, அவனை அங்கிருந்தே கூட்டிக்கொண்டு போனார்கள், அவன் மனைவி சாபம் விட்டாள் என்று மூச்சு வாங்கச் சொன்னாள். "இவளும் பக்கத்துலதான் இருக்கா. உங்ககிட்ட சொல்லச் சொன்னதே இவதான்." போனில் தன் குரல் வெளியே கேட்டுவிடுமோ என்று இவளுக்குப் பயம். எல்லாவற்றுக்கும் ‘ம்’ மட்டும் கொட்டினாள். வைத்துவிட்டு, சமையலறைச் சுவரில் சாய்ந்து அழுதாள். சத்தமே வராத அழுகை.

மாமியார் விஷயத்தைக் கேட்டாள். இவள் சொன்னாள்.

"அப்போ டிவியில காட்டுனது தப்பா?"

"தப்புதான் அத்தை."

மாமியார் டிவி பக்கம் திரும்பினாள். "என்ன இருந்தாலும் அந்த வாரக் கதை நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

மருமகள் எழுந்து போய் டிவியின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். மாமியாருக்குக் கோபம் வந்து ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அந்த ஒரு வாரம் வீடு நன்றாக இருந்தது.